தலைக்கும் மேனிக்கும் நம் வீட்டு எண்ணெய்

எண்ணெய் வித்தை விளைவிக்கும் குடும்பமே எண்ணெயைக் கடையில் வாங்குவது இன்று நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. தேங்காயையும் எள்ளையும் ஆமணக்கையும் அறுவடை முடிந்த கையோடு வந்த விலைக்குக் கொடுத்துவிடுகிறோம். பிறகு தலைக்குத் தேய்க்கவும் குழந்தைக்குப் பூசவும் வண்ணப் புட்டிகளை அதிக விலை கொடுத்து வாங்குகிறோம். அந்தப் புட்டிகளில் பலவற்றின் பின்பக்கத்தை உற்றுப் பார்த்தால் "லிக்விட் பாரபின்" என்றோ "மினரல் ஆயில்" என்றோ பொடி எழுத்தில் இருக்கும். இது மண்ணெண்ணெய், டீசல் ஆகியவற்றைப் போலக் கச்சா எண்ணெயிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கப்பட்ட பொருள். சுத்திகரிக்கப்பட்டதால் நஞ்சு அன்று. ஆனால் நாம் எந்தப் பொருளுக்கென்று பணம் கொடுத்தோமோ அந்தப் பொருளும் அன்று.

வீட்டிலேயே எண்ணெய் தயாரித்துப் பார்த்த தாய்மார்கள் பெரும்பாலும் ஒரே குறையைக் கூறுகிறார்கள்: "ஒரு மாதத்தில் சிக்கு வாடை வந்துவிடுகிறதே!" இதற்குச் சேர்மானம் தவறு என்று எண்ணி வேறு மூலிகைகளைத் தேடுகிறார்கள். உண்மையில் குறை சேர்மானத்தில் இல்லை, ஈரத்தில் இருக்கிறது. நல்ல எண்ணெய் அடுப்பில் தயாராவதற்கு முன்பே களத்தில் தயாராகிவிடுகிறது. வித்தைச் சரியாக உலர்த்துவது உழவருக்குக் கைவந்த கலை. ஆகவே நல்ல எண்ணெய் தயாரிக்கும் வாய்ப்பு மற்ற எவரையும்விட உழவர் குடும்பத்துக்கே அதிகம்.

எண்ணெய் கெடுவது ஏன்?

எண்ணெய் இரண்டு வழிகளில் கெடுகிறது. வித்தில் ஈரம் மிகுந்தால் பூசணம் வளர்கிறது. பூசணமும் வித்தில் உள்ள நொதிகளும் எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பு அமிலங்களைப் பிரிக்கின்றன. இதனால் எண்ணெயில் காறலும் கெட்ட வாடையும் உண்டாகின்றன. இது முதல் வழி. காற்றில் உள்ள பிராணவாயு எண்ணெயுடன் சேர்ந்து அதைக் கெடுப்பது இரண்டாவது வழி. வெளிச்சமும் வெப்பமும் செம்பு, பித்தளைப் பாத்திரங்களும் இந்த மாற்றத்தை விரைவுபடுத்துகின்றன.

எனவே வித்தில் ஈரம் கூடாது; எண்ணெயில் தண்ணீர் கூடாது; புட்டியில் காற்றும் வெளிச்சமும் கூடாது. இம்மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் முறைகள் யாவும் எளிதில் விளங்கும்.

தேங்காய் எண்ணெய்

பச்சைத் தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறைய பாதி தண்ணீர். கொப்பரை ஆகும்போது இந்த ஈரம் 6 சதவிகிதத்துக்குக் குறைய வேண்டும். நல்ல வெயிலில் இதற்கு 5 முதல் 7 நாட்கள் ஆகும். உடைத்த மூடிகளை முதல் நாள் வாய்ப்பகுதி மேல்நோக்கி இருக்குமாறு பரப்ப வேண்டும். மாலையில் பனி படாமல் தார்ப்பாயால் மூடுதல் அவசியம். இரண்டு மூன்று நாளில் பருப்பு சிரட்டையை விட்டு விலகும். பிறகு பருப்பை மட்டும் எடுத்துக் காயவைக்கலாம். கையால் உடைத்தால் வளையாமல் "டக்" என்று முறிய வேண்டும். உள்ளே ஈரவெள்ளை தெரியக் கூடாது. பச்சை, கறுப்பு, மஞ்சள் நிறப் பூசணம் பிடித்த துண்டுகளைத் தனியே பொறுக்கிவிட வேண்டும். அவற்றில் அஃப்ளாடாக்சின் என்னும் பூசண நச்சு இருக்கக்கூடும். மழை நாளில் பூசணம் வராதிருக்கக் கொப்பரைக்குக் கந்தகப் புகை போடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. வீட்டு உபயோகத்துக்கான கொப்பரைக்கு அது வேண்டாம்.

ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு தேவை என்று கணக்கிட்டுப் பார்ப்போம். தலைக்கும் மேனிக்கும் சமையலுக்குமாகச் சேர்த்து மாதம் ஒரு லிட்டர் என்றால் ஆண்டுக்கு 12 லிட்டர், அதாவது சுமார் 11 கிலோ. செக்கில் ஆட்டினால் 100 கிலோ கொப்பரைக்கு ஏறத்தாழ 60 கிலோ எண்ணெய் கிடைக்கும். ஆகவே 18 கிலோவுக்குச் சற்று அதிகமான கொப்பரை வேண்டும். காய்க்கு 140 கிராம் கொப்பரை என்று கொண்டால் சுமார் 130 காய்கள் தேவை. நன்கு பராமரித்த இரண்டு நெட்டை மரங்களின் ஓராண்டுக் காய்ப்பே போதும்.

கைக்குழந்தைக்கு மேனியில் பூசத் தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுக்கும் எண்ணெய் மிக நல்லது. கேரளத்திலும் கன்னியாகுமரிப் பகுதியிலும் இது பழைய வழக்கம். நன்கு முற்றிய 10 காய்களைத் துருவி, வெந்நீர் தெளித்துப் பிழிந்து பால் எடுக்கவும். சில மணி நேரம் அசையாமல் வைத்தால் மேலே ஏடு திரளும். ஏட்டை மட்டும் எடுத்து அகன்ற வாணலியில் சிறு தீயில் கிளற வேண்டும். சத்தம் அடங்கி, அடியில் திப்பி பொன்னிறம் ஆனதும் உடனே இறக்கி வடிகட்டவும். திப்பி கருகினால் எண்ணெயிலும் கருகல் வாடை ஏறும். காயின் பருமனைப் பொறுத்து ஏறத்தாழ அரை லிட்டர் கிடைக்கும்.

நல்லெண்ணெய்

எள்ளை 5 சதவிகித ஈரத்துக்கு உலர்த்த வேண்டும். மண்ணும் கல்லும் போகப் புடைத்துச் சலித்த பிறகே செக்குக்குக் கொண்டு செல்லவும். 100 கிலோ எள்ளுக்குச் செக்கில் ஏறத்தாழ 40 கிலோ எண்ணெய் எதிர்பார்க்கலாம். ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பதால் பிண்ணாக்கு இறுகி எண்ணெய் எளிதில் பிரிகிறது.

நல்லெண்ணெய்க்கு இயற்கையிலேயே ஒரு காப்பு உண்டு. எள்ளில் உள்ள செசமின், செசமோலின் ஆகிய பொருள்களும் அவற்றிலிருந்து உண்டாகும் செசமாலும் எண்ணெயைக் காற்று கெடுப்பதைத் தடுக்கின்றன. நம் முன்னோர் தைலங்களுக்கு நல்லெண்ணெயை அடிப்படையாகக் கொண்டதன் பொருத்தம் இதனால் விளங்கும். ஆட்டிய எண்ணெயைப் பாத்திரத்தில் ஊற்றி வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி இரண்டு மூன்று நாட்கள் வெயிலில் வைக்கவும். கசடு அடியில் படிந்தபின் தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ள வேண்டும். அடியில் தங்கும் கசட்டில் ஈரம் இருப்பதால் அதைச் சேர்த்து வைத்தால் முழு எண்ணெயும் கெடும்.

விளக்கெண்ணெய்

நிலக்கடலை வயலின் வரப்பில் ஆமணக்கை ஊன்றும் வழக்கத்தை நம் உழவர்கள் நன்கு அறிவர். புரொடீனியாப் புழுவின் தாய் அந்துப்பூச்சி ஆமணக்கு இலையில் விரும்பி முட்டையிடுவதால், அந்த இலைகளைக் கிள்ளி அழித்துக் கடலையைக் காக்கலாம். அதே செடிகளின் குலைகள் வீட்டுக்கு ஆண்டு முழுவதும் வேண்டிய எண்ணெயைத் தந்துவிடும். சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் ஆமணக்கில் உயர் விளைச்சல் இரகங்களையும் வீரிய ஒட்டுகளையும் உருவாக்கியுள்ளது.

வீட்டில் எடுக்கும் முறை பின்வருமாறு: உலர்ந்த கொட்டைமுத்தை வாணலியில் இளஞ்சூடாக வறுத்து உரலில் இடித்துக் கொள்ளவும். இடித்த மாவைப் போல் நான்கு மடங்கு தண்ணீரைக் கொதிக்கவைத்து அதில் மாவைக் கொட்டிக் கிளறவும். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கொதித்தால் எண்ணெய் மேலே மிதக்கும். அதை அகப்பையால் வழித்தெடுத்து, தனிப் பாத்திரத்தில் மீண்டும் சிறு தீயில் வைத்துச் சலசலப்பு அடங்கும்வரை காய்ச்ச வேண்டும். கடைசியாகச் செய்யும் இந்தக் காய்ச்சலே தண்ணீரை முழுவதும் நீக்குகிறது. இதை விட்டுவிட்டால் எண்ணெய் நிலைக்காது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ஆமணக்கு விதையில் ரிசின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. அது எண்ணெயில் கரைவதில்லை; நீண்ட நேரம் கொதிக்கும்போது செயலிழக்கிறது. ஆனால் பச்சை விதையை மெல்லும் குழந்தைக்கும், செக்கில் ஆட்டிய பிண்ணாக்கைத் தின்னும் மாட்டுக்கும் உயிருக்கே ஆபத்து. ஆமணக்குப் பிண்ணாக்கை ஒருபோதும் தீவனமாக வைக்கக் கூடாது. அதை வயலுக்கு இடவும். அதில் சுமார் 4.3 சதவிகிதம் தழைச்சத்து இருக்கிறது. இடித்த உரலையும் உலக்கையையும் வெந்நீரால் நன்கு கழுவிய பிறகே வேறு எதற்கும் பயன்படுத்த வேண்டும்.

விளக்கெண்ணெயைத் தனியாகத் தலையில் தேய்த்தால் அதன் பிசுபிசுப்பால் முடி சிக்கிச் சடையாகிவிடும். மூன்று பங்கு தேங்காய் எண்ணெய் அல்லது நல்லெண்ணெயுடன் ஒரு பங்கு கலந்து பயன்படுத்துதல் நலம்.

மூலிகைத் தைலம் காய்ச்சுதல்

நெல் வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் களையாக வளரும் கரிசலாங்கண்ணியே தலைத் தைலத்துக்கு முதன்மையான மூலிகை. களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ தெளித்த வயலிலிருந்து இதைப் பறிக்கக் கூடாது. தைலத்துக்கென்று கிணற்றடியில் ஒரு சிறு பாத்தி ஒதுக்குவது பாதுகாப்பானது.

தேவையான பொருள்கள்:
தேங்காய் எண்ணெய் அல்லது நல்லெண்ணெய் – 1 லிட்டர்
கரிசலாங்கண்ணிச் சாறு – 250 மி.லி.
நிழலில் உலர்த்திய கறிவேப்பிலை – ஒரு கைப்பிடி
வெந்தயம் – 10 கிராம்
வெட்டிவேர் – சிறிதளவு

எண்ணெய் ஆறியிருக்கும்போதே சாற்றை ஊற்றிப் பிறகு அடுப்பில் ஏற்ற வேண்டும். சூடான எண்ணெயில் சாற்றை ஊற்றினால் பொங்கித் தெறித்து உடலைப் பொசுக்கிவிடும். பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய் இருக்கக் கூடாது. சாறு உள்ளவரை எண்ணெயின் சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். நீர் வற்றியதும் சூடு திடீரென்று ஏறும். எனவே கடைசி ஐந்து நிமிடமே கவனம் மிக வேண்டிய நேரம். நுரை அடங்கத் தொடங்கியதும் கறிவேப்பிலையையும் வெந்தயத்தையும் போட்டுத் தீயைக் குறைக்கவும்.

பதம் அறிய இரண்டு வழிகள் உண்டு. அடியில் உள்ள கசடை எடுத்து விரலிடையே உருட்டிப் பார்த்தால் முதலில் மெழுகு போல உருளும். பிறகு கடுகு போலத் திரளும். அதற்கும் பிறகு மணல் போல உதிரும். தலைத் தைலத்தை மெழுகு பதம் கடந்து கடுகு பதம் வரும்போது இறக்கலாம். மற்றொரு வழி: பஞ்சுத் திரியை எண்ணெயில் நனைத்து, அடுப்பை விட்டுத் தள்ளிச் சென்று கொளுத்திப் பார்க்கவும். "சடசட" என்று வெடித்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. ஓசையின்றி எரிந்தால் பதம் சரி. இறக்கிய பின் வெட்டிவேரைப் போட்டு மூடி, ஆறியதும் வடிகட்டிக் கொள்ளவும்.

பித்தவெடிப்புக்குக் களிம்பு

நாற்றங்காலிலும் சேற்றிலும் நிற்கும் கால்களுக்குப் பித்தவெடிப்பு பெருந்தொல்லை. தேன்மெழுகு ஒரு பங்கு, நல்லெண்ணெய் நான்கு பங்கு எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டு, அந்தக் கிண்ணத்தைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கவும். மெழுகு 65 டிகிரிக்குள் உருகிவிடுமாதலால் நேரடித் தீ தேவையில்லை. ஆறினால் பதமான களிம்பாகும். இரவில் காலை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி, ஈரம் துடைத்தவுடன் பூச வேண்டும். தோலில் உள்ள ஈரம் ஆவியாகாமல் இந்தக் களிம்பு தடுக்கிறது. நீரிழிவு உள்ளவர்கள் காலில் வெடிப்போ புண்ணோ கண்டால் கை வைத்தியம் பாராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

எண்ணெய் எதைச் செய்யும், எதைச் செய்யாது?

தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் முடியில் தேய்த்து ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2003-ஆம் ஆண்டு வெளியாயிற்று. தலை அலசும்போது முடியிலிருந்து வெளியேறும் புரதத்தைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறைத்தது என்று அதில் கண்டனர். தேங்காய் எண்ணெயில் மிகுந்துள்ள லாரிக் அமிலம் முடித்தண்டுக்குள் ஊடுருவுவதே இதற்குக் காரணம் என்று விளக்கினர். ஆகவே எண்ணெய் முடி உடைவதைக் குறைக்கும். தோல் வறட்சியைத் தணிக்கும்.

ஆனால் வழுக்கையில் முடி முளைக்கவைக்கும் எண்ணெய் எதுவும் இல்லை. பொடுகுக்குக் காரணமான பூசணம் எண்ணெயில் உள்ள கொழுப்பை உண்டு பெருகுவதால், பொடுகு உள்ளவர்கள் எண்ணெயைத் தலையில் நாட்கணக்கில் ஊறவிடக் கூடாது. தேய்த்த அரை மணியில் சீயக்காய் போட்டு அலசிவிட வேண்டும்.

தோலின் இயற்கை நிறத்தை மாற்றும் எண்ணெயும் இல்லை. சிவப்பழகு தரும் என்று விற்கப்படும் முறையற்ற களிம்புகள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இத்தகைய களிம்புகளைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. தயாரித்தவர் பெயரும் முகவரியும் இல்லாத களிம்பை வீட்டுப் பெண்பிள்ளைகள் பூசாமல் பார்த்துக்கொள்வது பெற்றோரின் கடமை.

தவறாமல் கவனிக்க வேண்டியவை

1. வேப்பெண்ணெயைக் குழந்தைகளுக்கு உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது. மலேசியாவில் இவ்வாறு கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு வாந்தியும் வலிப்பும் மயக்கமும் ஏற்பட்டதை அந்நாட்டு மருத்துவர்கள் 1981-இல் வெளியிட்டனர். உயிரிழப்பும் நேர்ந்தது. பேன் தொல்லைக்கு ஒரு பங்கு வேப்பெண்ணெயைப் பத்துப் பங்கு தேங்காய் எண்ணெயில் கலந்து பெரியவர்கள் தலையில் மட்டும் தேய்த்து, பேன் சீப்பால் வாரலாம்.

2. குளிப்பாட்டும்போது குழந்தையின் மூக்கிலும் வாயிலும் எண்ணெய் விடும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். எண்ணெய் நுரையீரலுக்குள் சென்றால் கடுமையான சளிக்காய்ச்சலை உண்டாக்கும். காதிலும் விட வேண்டாம்.

3. கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் கைக்குழந்தையின் மேனியில் தேய்க்கக் கூடாது. கற்பூரம் வலிப்பை உண்டாக்கக்கூடியது.

4. பூச்சிமருந்து தெளித்து வந்தவுடன் உடல் எரிச்சலுக்கு எண்ணெய் தேய்ப்பது மிகத் தவறு. மருந்துகள் பல எண்ணெயில் கரைபவை. தோல் வழியே உள்ளே செல்ல எண்ணெயே வழி செய்யும். முதலில் உடையைக் களைந்து சோப்பும் ஏராளமான தண்ணீரும் கொண்டு குளிக்க வேண்டும்.

5. காலியான பூச்சிமருந்துப் புட்டியையும் டப்பாவையும் எவ்வளவு கழுவினாலும் எண்ணெய்க்குப் பயன்படுத்தக் கூடாது. குடும்பமே பாதிக்கப்படும்.

6. புதிய எண்ணெய் எதையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பார்த்து, அரிப்போ தடிப்போ இல்லையெனில் பயன்படுத்தவும்.

சேமிப்பும் சில வீட்டுக் குறிப்புகளும்

கண்ணாடிப் புட்டி அல்லது எவர்சில்வர் பாத்திரமே எண்ணெய்க்கு ஏற்றது. புட்டியைக் கழுவி வெயிலில் முழுவதும் காயவைத்து, கழுத்துவரை நிரப்பி இறுக மூடி, இருட்டான இடத்தில் வைக்கவும். ஒரு பெரிய புட்டியைத் தினமும் திறப்பதைவிடப் பல சிறு புட்டிகளில் நிரப்பி ஒவ்வொன்றாக எடுப்பது நல்லது. பழைய எண்ணெயின் மீது புதிய எண்ணெயை ஊற்றக் கூடாது. பழையதில் உள்ள கெடுதல் புதியதையும் பற்றிக்கொள்ளும்.

கடையில் வாங்கிய தேங்காய் எண்ணெயில் கலப்படம் இருக்குமோ என்று ஐயம் எழுந்தால், கண்ணாடி டம்ளரில் சிறிது ஊற்றிக் குளிர்பெட்டியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வைத்துப் பார்க்கவும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். வேறு எண்ணெய் கலந்திருந்தால் அது உறையாமல் தனி அடுக்காகத் தெரியும்.

பயறு வகைகளை வண்டு தாக்காதிருக்க, நன்கு காய்ந்த பயறு ஒரு கிலோவுக்கு 5 முதல் 10 மி.லி. விளக்கெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெயைக் கையால் பிசிறி வைக்கலாம். வண்டின் முட்டைக்குக் காற்றுப் போகாமல் எண்ணெய்ப் படலம் தடுப்பதால் புழு வெளிவருவதில்லை. சமையலுக்கு எடுக்கும்போது நன்கு கழுவிக்கொள்ளவும். விதைக்கு மட்டும் வைப்பதானால் வேப்பெண்ணெயையும் பயன்படுத்தலாம்.

விற்க நினைப்போருக்கு

வீட்டு உபயோகத்துக்குத் தயாரிக்க எவரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. விற்பதானால் சட்டம் குறுக்கிடும். சமையல் எண்ணெய் விற்க உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். அதைச் சில்லறையாக அளந்து விற்கவும் தடை உள்ளது. அழகுப் பொருள் என்று விற்கும் எண்ணெய்க்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமமும், சித்த மருந்து என்று விற்கும் தைலத்துக்கு அதற்குரிய தனி உரிமமும் வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுவாகச் சேர்ந்து இவற்றைப் பெறுவது செலவைக் குறைக்கும்.

இந்தப் பருவத்தில் வித்து முழுவதையும் விற்றுவிடாமல் வீட்டுக்கு வேண்டிய அளவை முதலில் ஒதுக்கி, மற்றவற்றைவிட இரண்டு வெயில் கூடுதலாகக் காயவைக்க வேண்டும். வரப்பில் பத்து ஆமணக்குச் செடி, கிணற்றடியில் ஒரு பாத்தி கரிசலாங்கண்ணி, ஒதுக்கிவைத்த இரண்டு தென்னை ஆகியவை இருந்தால் ஒரு குடும்பத்தின் ஓராண்டு எண்ணெய்ச் செலவு மிச்சமாகும். குழந்தையின் மேனியில் பூசுவது இன்னதென்று தாய்க்கு ஐயமின்றித் தெரியும். உழவர் பெருமக்களும் இல்லத்தரசியரும் இம்முறைகளைக் கையாண்டு பயன் பெற வேண்டும்.